ரவுட்டருக்குச் சான்றிதழா? பணம் கட்டாதீர்கள்

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்தும் வாசகி கேட்கிறார்: "வெளிநாட்டு அரசின் ஹேக்கர்கள் என் வைஃபை வழியாக வெலிங்டன் ராணுவ முகாமைக் குறிவைக்கிறார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். 6,500 ரூபாய் கட்டினால் சுத்தம் செய்து சான்றிதழ் தருவாராம். இல்லாவிட்டால் நான் கைதாவேனாம். கட்டிவிடவா?"

கட்டாதீர்கள் அம்மா. அப்படியொரு சான்றிதழே கிடையாது. உங்களுக்குத் தெரியாமல் ரவுட்டருக்குள் யாரோ புகுந்தால் நீங்கள் பாதிக்கப்பட்டவர், குற்றவாளி அல்ல.

ஆனால் வந்தவர் உண்மையின் மேல்தான் பொய்யை ஒட்டியிருக்கிறார். 2018-ல் விபிஎன்ஃபில்டர் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) 54 நாடுகளில் சுமார் 5 லட்சம் ரவுட்டர்களில் புகுந்தது. ரஷ்ய உளவுத்துறையின் வேலை என்றது அமெரிக்கா. வோல்ட் டைஃபூன் என்ற சீனக் குழு, அப்டேட் நின்றுபோன பழைய ரவுட்டர்களைப் பிடித்தது. இந்த ஹேக்கர்கள் தாக்க நினைக்கும் இடத்துக்கு நேரே வந்தால் அகப்படுவார்கள். வீட்டு இணைப்புக்குள் ஒளிந்து வந்தால், யாரோ நெட் பார்ப்பதாகத் தோன்றும். அதற்கு உங்கள் வீடு வெலிங்டன் பக்கத்தில் இருக்க வேண்டியதே இல்லை. வெலிங்டன், வெடிமருந்து ஆலை இருக்கும் அருவங்காடு என்று பெயர் சொல்வதெல்லாம் மிரட்டத்தான்.

இப்படி வீட்டுக்கு வந்து மிரட்டும் ஆட்கள் லேப்டாப்பில் கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்தை ஓடவிடுவார்கள். பிறகு உங்கள் போனில் ஒரு ஆப் போடச் சொல்வார்கள். போட்டால் வங்கிக் கணக்கு அவர்கள் கையில். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா, கணினியைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. எச்சரிக்கை இருந்தால் இணைய இணைப்பு தருபவர் மூலம் வரும். இதை மலைக்கிராமத்தில் வந்து சொல்ல யாருமில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று நான் பார்த்த எந்த ரவுட்டர் பெட்டியிலும் அச்சிட்டதில்லை. பால் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது!

நீங்கள் செய்ய வேண்டியது: ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. வெளியிலிருந்தே ரவுட்டரை இயக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். அப்டேட் வராத பழைய ரவுட்டர் என்றால் மாற்றிவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பின்புறச் சிறு துளையில் ஊசியால் பத்து விநாடி அழுத்தி ரீசெட் செய்யலாம். ஆனால் கேபிள்காரர் கொடுத்த ரவுட்டர் என்றால் பொறுங்கள். ரீசெட் செய்தால் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டும் அழிந்துவிடும். மழையில் அவர் குன்னூரிலிருந்து ஏறி வரும்வரை விருந்தினருக்கு நெட் இருக்காது. போன் போட்டு அந்த இரண்டையும் கேளுங்கள். தர மறுத்தால், அவர் கையாலேயே ரீசெட் செய்து பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். தந்தால், நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு ஊசியை எடுங்கள்.