கேள்வி பதில்: எந்த சர்வீஸ் எந்தப் பெட்டியில?

கேள்வி: அண்ணா, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஃபாக் கம்ப்யூட்டிங்ல சர்வீஸ் பிளேஸ்மென்ட் எடுத்திருக்கேன், அதாவது சென்சார்லருந்து கிளவுடு வரைக்கும் இருக்கற கம்ப்யூட்டர் பெட்டிகள்ல எந்த சர்வீஸை (புரோகிராமை) எதுல ஓட்டறதுன்னு முடிவு பண்றது. எல்லா சர்வீஸையும் சென்சாருக்குப் பக்கத்துலயே வச்சுட்டா வேகமா இருக்குமே, அப்புறம் இதுல யோசிக்க என்ன இருக்கு?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: வைக்கலாம் தம்பி, இடம் இருந்தா. பக்கத்துல இருக்கறது சென்சார்களை நெட்டோட இணைக்கிற கேட்வேயோ, ராஸ்பெர்ரி பைங்கற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரோதான், ரேமும் பிராசசரும் கொஞ்சம்தான் இருக்கும், அதுல வீடியோவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற சர்வீஸ் ரெண்டு ஏத்தினாலே திணறும், மூணாவது வரிசையில காத்துக்கிட்டு நிக்கும், அப்ப பக்கத்துல இருந்தும் லேட்டுதான். 2012ல நெட்வொர்க் கம்பெனி சிஸ்கோக்காரங்க ஃபாக் கம்ப்யூட்டிங்ங்கற பேரோட பேப்பர் போட்டப்பவே கிளவுடைத் தூக்கிப் போடச் சொல்லல, சென்சாருக்கும் கிளவுடுக்கும் நடுவுல ஒரு அடுக்கு வேணும்னுதான் சொன்னாங்க.

ஃபாக் கம்ப்யூட்டிங்கை கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பார்க்கிற ஐஃபாக்சிம் சிமுலேட்டரோட வர்ற கேமரா உதாரணத்தைப் பாரு. அசைவு பார்க்கிற சர்வீஸ் கேமராவுக்குள்ளயே இருக்கும், அசைவு தெரிஞ்சா மட்டும் அந்தத் துண்டு மேல போகும், ஆளைக் கண்டுபிடிக்கிறதும் பின்தொடர்றதும் கேட்வேல, ஸ்கிரீன்ல காட்டறது கிளவுடுல. 4 எம்பிபிஎஸ்ல ஓடற ஒரே ஒரு கேமரா ஒரு நாளைக்கு 43 ஜிபி அனுப்பும், 20 கேமரான்னா 80 எம்பிபிஎஸ் அப்லோடு ராப்பகலா ஓடணும். கிளவுடு மும்பையில இருக்குன்னு வச்சுக்க, ஈரோட்டுலருந்து நேர்கோட்டுல 1000 கிமீ பக்கம், ஃபைபர்ல ஒளி 1 மில்லிசெகண்டுல 200 கிமீ போயிடும், அதனால தூரத்தால வர்ற லேட்டு போக வர 10 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேலதான், பல வேலைக்கு அது ஒன்னுமே இல்ல. அடைக்கிறது அப்லோடு லைன். அதனால டேட்டாவைச் சுருக்கிற சர்வீஸை முதல்ல கீழ வை, மத்ததைப் பத்தி அப்புறம் யோசி.

யோசிக்க என்ன இருக்குன்னு கேட்டியே, 10 சர்வீஸை 5 பெட்டியில வைக்க 97,65,625 வழி இருக்கு, 20 சர்வீஸ் ஆச்சுன்னா 95 லட்சம் கோடியைத் தாண்டிடும். எல்லாத்தையும் போட்டுப் பார்க்க முடியாது, அதான் கீழருந்து ஆரம்பிச்சு எந்தப் பெட்டியில இடம் இருக்கோ அங்க வச்சுட்டு, இல்லேன்னா ஒரு படி மேல ஏத்தற மாதிரி குறுக்கு வழி வச்சிருக்காங்க. நீ அதோட நிக்காத, ஓடிட்டிருக்கும்போதே ஒரு பெட்டியை நிறுத்திட்டு என்ன ஆகுதுன்னு அளந்து காட்டு. ஏன்னு அடுத்த கடிதத்தைப் படிச்சா உனக்கே தெரியும்.

கேள்வி: சார், எங்க ஹேச்சரியில செட்டர் (முட்டையை அடைகாக்கிற மிஷின்) ரூம் டெம்பரேச்சர் பார்க்க 3 சின்ன கம்ப்யூட்டர் வச்சிருக்கோம். போன மாசம் ராத்திரி ஒன்னு நின்னுபோச்சு, அலாரம் சர்வீஸ் அதுலதான் இருந்திருக்கு, விடியற வரைக்கும் யாருக்கும் தெரியல. நிறைய முட்டை போச்சு.
- வாசகர், நாமக்கல்

பதில்: படிச்சதும் ரொம்ப கஷ்டமா இருந்துச்சுங்க. 37.5 டிகிரி பக்கத்துலயே 21 நாள் காப்பாத்தி வர்ற உழைப்பு, ஒரே ராத்திரியில போயிருக்கு.

முதல் விஷயம், ஹீட்டரை ஆன் ஆஃப் பண்றது செட்டரோட சொந்த கன்ட்ரோலர்லயே இருக்கணும், எந்தப் பெட்டி நின்னாலும் அது நிக்கக் கூடாது. அப்புறம் பல பெட்டியில சர்வீஸ்களை நிர்வகிக்கிற கே3எஸ் மாதிரி சாஃப்ட்வேர் ஒன்னுல மூணு பெட்டியையும் சர்வராவே போட்டு ஒரே கூட்டமா இணைச்சுட்டா, ஒன்னு விழுந்த கொஞ்ச நேரத்துல அதுல இருந்த சர்வீஸை மத்த ரெண்டும் எடுத்துக்கும். மூணு இருக்கறது நல்லதுங்க, ரெண்டே ரெண்டு இருந்து நடுவுல ஒயர் போச்சுன்னா ரெண்டும் ‘அடுத்தது செத்துப்போச்சு’ன்னு நினைச்சுக்கும், மூணுல ரெண்டு சேர்ந்தா மெஜாரிட்டி, அதுங்க சொல்றதுதான் முடிவு. ஆனா விழுந்ததோட சுமையைத் தாங்க இடம் வேணும்ல, அதனால ஒவ்வொரு பெட்டியையும் மூணுல ரெண்டு பங்குக்கு மேல நிரப்பாதீங்க. அப்டேட் போடும்போதும் ஒன்னு ஒன்னா போடுங்க, அதுவும் பகல்ல. டெம்பரேச்சர் பதிவை ஒரே மெமரி கார்டுல வைக்காதீங்க, ஓயாம எழுதிட்டே இருந்தா கார்டு சீக்கிரம் போயிடும்.

அலாரத்தைக் கண்காணிக்கிற சர்வீஸை மட்டும் வெளியில, கிளவுடுல வைங்க. நிமிஷத்துக்கு ஒரு தடவை ஹேச்சரியிலருந்து ‘உயிரோட இருக்கேன்’னு ஒரு சிக்னல் போகணும், மூணு தடவை வரலேன்னா அங்கருந்து உங்க போனுக்கு கால் வரணும். மொத்த கரண்டும் போனா உள்ள இருக்கற எந்தப் பெட்டியாலயும் சொல்ல முடியாதுல்ல.

இதெல்லாம் போட்டதும் ஒரு நாள் பகல்ல, நீங்க பக்கத்துல இருக்கும்போது, ஒவ்வொரு பெட்டியோட பிளக்கையும் தனித்தனியா பிடுங்கிப் பாருங்க, கடைசியா இன்டர்நெட் லைனையும் பிடுங்குங்க, கால் எத்தனை நிமிஷத்துல வருதுன்னு குறிச்சு வச்சு எனக்கும் எழுதுங்க.