கம்பி தொடாமலேயே டிரான்ஸ்பார்மரில் மின்சாரம் எப்படித் தாண்டுகிறது?

மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் வைத்திருக்கும் ஒருவரின் கேள்வி: வயலோர டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்களும் ஒட்டவே இல்லை, பிறகு மோட்டார் எப்படி ஓடுகிறது?

தாண்டுவது மின்னோட்டம் இல்லை, காந்தப்புலம். முதல் சுருளில் மின்னோட்டம் ஓடினால் நடுவிலுள்ள இரும்பு உள்ளகம் காந்தமாகிறது. இரண்டாவது சுருளும் அதே இரும்பின் மேல்தான் சுற்றப்பட்டிருக்கிறது. ஆனால் காந்தம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும்; அப்போதுதான் இரண்டாவது சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். இதற்குப் பெயர்தான் தூண்டல். அணையை உவமையாகச் சொன்னால், மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது இங்கே கணக்கில்லை; மட்டம் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதுதான் கணக்கு. 1831-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு சுருளில் பேட்டரியை இணைத்த கணத்திலும் துண்டித்த கணத்திலும் மட்டுமே, மற்றொரு சுருளின் மின்னோட்டத்தைக் காட்டும் முள் துள்ளியது. இடைப்பட்ட நேரத்தில் அசையவே இல்லை.

நம் லைனில் வருவது 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சி; ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் இரண்டு முறை திசை மாறும். விநாடிக்கு 100 முறை திசை மாறுவதால் தூண்டல் நிற்பதே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மின்னழுத்தம் உண்டாகி, எல்லாம் கூடிக்கொள்ளும். அதனால்தான் 11,000 வோல்ட் பக்கம் சுற்றுகள் அதிகம், 433 வோல்ட் பக்கம் குறைவு.

சரி, பேட்டரியை நிரந்தரமாகக் கொடுத்து வைத்தால்? சுருள் சூடாகும், அவ்வளவுதான், மோட்டார் ஓடாது.