நரம்பு முனைல இருக்குற பிரேக்

அண்ணா வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் டீ ஃபேக்டரில நைட் ஷிப்ட் பாக்குறேன். டீ நரம்ப தூண்டி விடல, பிரேக்க எடுத்து விடுதுன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. நரம்புல எங்கண்ணா பிரேக் இருக்கு? எனக்கு காலைல வீட்டுக்கு போனா தூக்கமே வர மாட்டேங்குது, அதுக்கும் இதானா காரணம்?

வாசகர், கோத்தகிரி

தம்பி, நல்ல கேள்வி. பிரேக் இருக்குறது நரம்போட முனைலயே. ஒரு நரம்பு கெமிக்கல விடும், அடுத்த செல்லு ரிசெப்டர்ல (கெமிக்கல் வந்து ஒட்டுற எடம்) வாங்கிக்கும்னுதான் ஸ்கூல்ல படிச்சோம், ஆனா விடுற முனைலயும் ரிசெப்டர் இருக்கு. ஜனவரி உறைபனில காலைல வெளிய வந்தா விரல் வெளுத்துப் போகுதுல்ல, தோல் ரத்தக்குழாய்கிட்ட நரம்பு நார்அட்ரினலின்ங்குற கெமிக்கல விட்டு அத சுருக்குறதாலதான். விட்டதுல கொஞ்சம் அதே முனைல இருக்குற ஆல்பா-2 ரிசெப்டர்ல வந்து ஒட்டும், ஒட்டினதும் அடுத்த சிக்னலுக்கு முனை கம்மியா விடும். தான் விட்டத தானே தொட்டுப் பாத்து அளவு வச்சுக்குது! 1970கள்ல இது தெளிவாச்சு, ஆட்டோரிசெப்டர்னு பேரு.

எப்படி கம்மியாகுதுன்னா, சிக்னல் வந்ததும் கால்சியம் கேட் திறந்து கால்சியம் உள்ள வரணும், அப்பதான் கெமிக்கல் இருக்குற குட்டிப் பைங்க ஓரத்துல ஒட்டித் திறந்து வெளிய கொட்டும். ரிசெப்டர் அந்த கேட்ட சரியா திறக்க விடாது. கொஞ்சந்தானேன்னு நினைக்காதீங்க, 1967ல தவளை தசைல அளந்திருக்காங்க, கால்சியம் பாதியானா ரிலீஸ் கிட்டத்தட்ட 16ல ஒரு பங்குக்கு விழுந்துடுது. இத நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்க்குது.

இப்ப டீக்கு வர்றேன். முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைல அடினோசின்ங்குற கெமிக்கல் சேரும், அது முனைல இருக்குற ஏ1 ரிசெப்டர்ல உக்காந்து இதே கேட்டத்தான் அடக்குது. டீல இருக்குற காபினுக்கு அடினோசின் ஜாடை, அந்த எடத்த புடிச்சுக்கும், ஆனா கேட்ட அடக்காது. பிரேக்க எடுக்குதுன்னு சொன்னது இதத்தான்.

ஆனா உங்க தூக்கத்த பத்தி ஒன்னு திருத்தணும். முழிப்புக்கே இந்த பிரேக்தான் காரணம்ங்குற மாதிரி போன வாரம் எழுதிட்டேன், அது தப்பு, மன்னிச்சுக்கோங்க. 2005ல எலிய வச்சு பாத்ததுல, ஏ1 இல்லாத எலிக்கு காபின் குடுத்தா முழிப்பு வந்துச்சு, ஏ2ஏன்ற இன்னொரு அடினோசின் ரிசெப்டர் இல்லாத எலிக்கு வரல. அப்ப முழிப்புல பெரிய பங்கு ஏ2ஏக்குத்தான்.

குடிச்ச காபின்ல பாதி உடம்ப விட்டு போகவே சுமாரா 5 மணி நேரம் ஆகும் தம்பி. ஷிப்ட் 6 மணிக்கு முடியுதுன்னா கடைசி டீய நடுராத்திரியோட நிறுத்திப் பாருங்க, ஒரு வாரம் கழிச்சு எப்படி இருக்குன்னு எழுதுங்க.