கல்லில் ‘அ’ என்று எழுதியிருந்தால்

(நெடுஞ்சாலைத் துறையில் 31 ஆண்டுகள் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரத்துப் பழைய ரோடுகளில் ஒவ்வொரு மார்கழி, தையிலும் சைக்கிளில் சுற்றுகிறவர். வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: பழைய ரோடு, பழைய ரோடு என்கிறீர்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? என் கண்ணுக்கு எல்லாமே தார் ரோடாகத்தான் தெரிகிறது. அதற்கு ஏன் பனிக்காலம்?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

தார் ரோட்டில் நின்றுகொண்டு தேடாதீர்கள் தம்பி. ரோட்டை விட்டு விலகி நிற்கிற மரங்களைத் தேடுங்கள். நடுவயலில் பத்துப் பன்னிரண்டு கிழட்டுப் புளியமரங்கள், இடையில் ஒரு வண்டி போகிற அகலம் விட்டு, இரண்டு வரிசையாக நின்றால் அங்கே ரோடு இருந்திருக்கிறது. எந்த வயல்காரரும் புளியை வரிசை பிடித்து நடமாட்டார். அதன் நிழலில் பயிர் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ‘வளைவு நேராக்கும் வேலை’ நிறைய நடந்தது. பஸ்ஸும் லாரியும் வேகமெடுக்க எடுக்க, பழைய வளைவுகளை ஒதுக்கிவிட்டு நேராக ரோடு போட்டோம். ஒதுக்கிய வளைவு அங்கேயேதான் கிடக்கும். அரை பர்லாங் இருக்கும், ஒரு பர்லாங் இருக்கும். உங்கள் கணக்குக்கு நூறு மீட்டர், இருநூறு மீட்டர். அதற்குள் ஒரு மதகு, ஒரு மைல்கல், சமயத்தில் ஒரு முனியன் கோயில் எல்லாம் அப்படியே இருக்கும்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே அப்படி ஒரு வளைவு எனக்குத் தெரியும். போன மார்கழியில் ஒருநாள் விடிகிற நேரத்தில் சைக்கிளை அதில் இறக்கினேன். புல் முழுக்கப் பனி. டயர் போன இடம் மட்டும் கறுப்புக் கோடாகப் பின்னால் வந்தது. புளிய இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக முதுகில் விழுந்தது. முதல் இருபது அடிக்குச் சத்தமே இல்லை. அப்புறம் டயருக்கு அடியில் ‘கறுக், கறுக்’ என்று ஆரம்பித்தது. இறங்கிச் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறினேன். சல்லி. மிஷின் உடைத்த சல்லி என்றால் விளிம்பு கூராக இருக்கும். இது ஆள் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்தது. மாட்டு வண்டிச் சக்கரம் ஏறி ஏறி மழுங்கிப்போனது. தார் வருவதற்கு முந்தைய கப்பி ரோடு. காரில் வந்திருந்தால் அந்தச் சத்தம் காதில் விழுந்திருக்காது. நடந்து வந்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் ஒரு வளைவோடு முடிந்திருக்கும். சைக்கிளில் அன்றைக்கு நான்கு வளைவு பார்த்தேன்.

பனிக்காலம் ஏன் என்றால், சித்திரையில் எல்லா நிலமும் ஒரே காய்ச்சல் நிறம், எதுவும் பிரிந்து தெரியாது. மார்கழிக் கடைசியில் சம்பா பழுக்க ஆரம்பித்திருக்கும். உழவு படாத பழைய ரோட்டுத் துண்டு மட்டும் பச்சையாக நிற்கும். காலை வெயிலும் சாய்ந்து விழுகிறதா, ஒரு முழம் உயரமுள்ள பழைய மேட்டுக்கும் நீளமாக நிழல் இருக்கும். எட்டரைக்கு மேல் அதே இடத்தில் நின்றாலும் அந்த மேடு கண்ணில் படாது.

ஒரு வருத்தமும் உண்டு. 2018 நவம்பர் 16 விடியலில் வந்த கஜா புயல், தென்னையோடு சாலையோர மரங்களையும் சாய்த்துவிட்டது. நான் வருடா வருடம் எண் எழுதிப் புளி ஏலத்துக்குக் கணக்குக் கொடுத்த மரங்களில் எத்தனையோ இன்று இல்லை. அங்கெல்லாம் மரத்தின் அடிக்கட்டையையும், செம்புறாங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய மதகையும்தான் அடையாளமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றுமே புலப்படாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ‘வண்டிப்பாதை’ என்று போட்டு, இன்று நீங்கள் பார்க்கிற ரோட்டோடு ஒட்டாத ஒரு கோடு ஓடினால், சைக்கிளை அங்கே விடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் புதரில் ஒரு கல் நிற்கிறது. மேலே V போட்டு மூன்று கோடு. கீழே ‘அ’ என்று ஒற்றை எழுத்து. யாரோ பையன் காதலியின் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கியிருக்கிறான் என்கிறார் என் மாமா. உண்மையா?
– தையல் ஆசிரியை, கந்தர்வக்கோட்டை

அது எட்டு, அம்மா. மேலே இருப்பது ரோமன் எட்டு, கீழே இருப்பது தமிழ் எட்டு: ௮. நீங்கள் பார்த்தது மைல்கல். அந்த எண்ணை இங்கிலீஷ்காரரும் படிக்கலாம், வண்டிக்காரரும் படிக்கலாம் என்று இரண்டு விதமாக வெட்டியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

இதே பாதையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரு மைல், அதாவது ஆயிரத்து அறுநூறு மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். கல் பிழைத்திருந்தால் ஒன்றில் ‘எ’ மாதிரி இருக்கும், அது ஏழு. மற்றதில் ‘கூ’ மாதிரி இருக்கும், அது ஒன்பது. ஒன்று ‘க’ மாதிரி, இரண்டு ‘உ’ மாதிரி, ஐந்து ‘ரு’ மாதிரி, பத்து ‘ய’ மாதிரி. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் மைல்கல் காதல் கல்லாகிவிட்டது. 1956 எடை, அளவுச் சட்டத்துக்குப் பிறகு மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. புதுக் கல் நட்டபோது பழைய கல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு, அப்படியே விட்டவர்களும் உண்டு. உங்கள் ஊர்க் கல் விட்டவர் கையில் பிழைத்தது.

எழுத்தே தெரியாதவருக்கும் தூரம் சொன்ன கல் ஒன்று தர்மபுரிப் பக்கம் கிடைத்திருக்கிறது. அதியமான் பெருவழி என்று பெயர் வெட்டி, நாவல்தாவளத்துக்கு 29 காதம் என்று எண் போட்டு, கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. இருட்டில் வந்தவர் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். சுமார் எழுநூறு வருடத்துக்கு முந்தைய கல்!

உங்கள் கல்லுக்குச் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கேள்வி: இதற்குக் கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா?
– பேராவூரணி வாசகர்

வேண்டாம். நம் பக்கம் ஏற்றம் எங்கே இருக்கிறது? நான் ஓட்டுவது 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிள். புது டயர் போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், சேற்றில் அது பிடிக்கும். பையில் பம்பு, பஞ்சர் ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு லீவர். சீமைக்கருவேல முள் ஏறினால் உடனே பிடுங்காதீர்கள். முள் உள்ளே இருக்கிற வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், இடத்தைத் தேடவும் வேண்டியதில்லை. நிழல் பார்த்து நிறுத்திப் பிடுங்குங்கள்.

அறுப்பு நாளில் ரோட்டில் வைக்கோல் கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்க அரைமணி ஆகும். நெல் காயப்போட்டிருந்தால் அதன்மேல் ஒரு டயரும் ஏறக்கூடாது. அது ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு.

கேள்வி: தனியாகக் கிளம்புகிறேன் என்றால் அம்மா விடுவதில்லை. பனி தலையில் இறங்கும், பாம்பு இருக்கும் என்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, திருத்துறைப்பூண்டி

பனிக்கு மப்ளர் போதும். பாம்பு விஷயத்தில் உங்கள் அம்மா சொல்வது சரி, நானும் அவர்கள் கட்சிதான். அறுப்பு நேரத்தில் வயலில் எலி அதிகம், எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் வரும். ஓடாது, ஒதுங்காது, காய்ந்த சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். புதருக்குள் நிற்கிற கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் நீளக் கம்பால் சுற்றிலும் தட்டுங்கள். கையை விடாதீர்கள். கணுக்கால் மூடுகிற ஷூ போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை நடக்கவிடாமல் நேராக அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது.

தனியாக வேண்டாம், ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற தூரமாகப் பாருங்கள். எந்த ஊர் எல்லையில் நுழைந்தாலும் முதலில் பார்க்கிற ஆத்தாவிடம், “இந்தப் பாதை முன்னாடி எங்க போச்சு ஆத்தா?” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் நீங்கள் அந்நியர் இல்லை. கேட்டதற்கு மேலேயே பதிலும் கிடைக்கும்.

கேள்வி: ஒரே நாளில் பார்க்கிற மாதிரி ஒரு பழைய வழி சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், தஞ்சாவூர்

இராமேசுவரம் போன யாத்திரைக்காரர்களின் வழியைப் பிடியுங்கள். தஞ்சை மராட்டிய ராஜாக்கள் அந்த வழியில் சத்திரம் சத்திரமாகக் கட்டியிருக்கிறார்கள். முதலில் ஒரத்தநாடு. இரண்டாம் சரபோஜி, தன் அன்புக்குரிய முத்தாம்பாள் பெயரில் கட்டிய சத்திரம். தஞ்சாவூருக்கும் பட்டுக்கோட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் ஊர் இருக்கிறது. தஞ்சாவூரில் காலையில் நடக்க ஆரம்பித்தவருக்குப் பொழுது சாயும்போது கால் சோர்கிற இடம் அது. சத்திரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் காலால்தான் அளந்திருக்கிறார்கள். சைக்கிளில் போனால் உங்கள் முழங்காலும் அதை ஒப்புக்கொள்ளும்.

1801இல் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த அதன் பிரதிநிதிக்கு, இந்தச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சோறு உண்டு, நோயாளிக்கு மருந்து உண்டு, வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குத் துணை உண்டு என்கிறார். நடுராத்திரியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூப்பிடுவார்களாம். அந்தக் கட்டடத்தின் முன்னால் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் அந்த மணியைத்தான் நினைப்பேன்.

அங்கிருந்து பட்டுக்கோட்டை. பிறகு கடற்கரைப் பக்கம் இறங்கினால் ராசாமடம், மல்லிப்பட்டினம், மனோரா, சேதுபாவாசத்திரம். ஊர்ப் பெயரிலேயே சேதுவும் சத்திரமும் இருக்கின்றன, பாருங்கள். மனோரா, நெப்போலியனை இங்கிலீஷ்காரர்கள் தோற்கடித்ததற்காகச் சரபோஜி 1814–15இல் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி அதிகம். முடிந்தவரை உள்ளூர்ப் பாதையிலேயே போங்கள். தஞ்சாவூரிலிருந்து முழுக்கச் சைக்கிளிலேயே ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியாது. சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரத்தநாட்டைப் பார்த்துவிட்டு, பட்டுக்கோட்டை வந்து அங்கிருந்து ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் எல்லையில் சுமைதாங்கிக் கல் இருக்கிறது. ரோடு அகலப்படுத்த அளந்து குறி போட்டதில் அது உள்ளே வந்துவிட்டது. என்ன செய்யலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அறந்தாங்கி பக்கம்

ஐயா, இன்றைக்கே கிளம்புங்கள். மிஷின் வந்து நின்ற பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கல்லின் நீளம், உயரம், ரோட்டு நடுவிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ‘எடுக்காதே’ என்று மட்டும் எழுதினால் கோப்பு நகராது. ‘இதே வரிசையில் இத்தனை மீட்டர் பின்னால், இந்தப் புறம்போக்கில் நட்டுத் தாருங்கள்’ என்று இடத்தையும் சொல்லி, நெடுஞ்சாலைக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு மனு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்கு ஒரு மனு. எழுத்து ஏதாவது வெட்டியிருந்தால் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல். ஒப்பந்தக்காரர் யார் என்று தெரிந்துகொண்டு நேரிலும் பேசுங்கள். இரண்டு கால், ஒரு பலகைக் கல், அவ்வளவுதான். ஒரு மிஷினுக்கு அரைமணி நேர வேலை.

பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி இறந்துபோன பெண்ணுக்காக அந்தக் கல்லை நடுவார்கள். இறக்காமலே போன அவள் சுமையை நினைத்து, வழிப்போக்கர் சுமை இறங்கட்டும் என்று. தனியாகப் போகிறவர் தலைச்சுமையைத் தரையில் இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டுமே! அதனால்தான் தோள் உயரம்.

நான் பணியில் இருந்தபோது என் பிரிவில் ஒன்று இருந்தது. பலகைக் கல்லின் மேல் விளிம்பில் நடுவாக ஒரு பள்ளம். கூடையும் மூட்டையும் இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்த பள்ளம், உள்ளங்கையை வைத்தால் சரியாக உட்காரும், எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருக்கும். அகலப்படுத்தும் வேலை வந்தது. தள்ளி நட வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் வாயால் சொன்னேன். சரி சார் என்றார். எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று நாள் வேறு பாலத்து வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கல் இல்லை. உடைத்து மதகின் பக்கச் சுவருக்குள் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

பலகையின் ஒரு துண்டு அந்தச் சுவரில் வெளியே தெரிகிற மாதிரி இருக்கிறது. கிழக்குப் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரிசை. மழைத் தண்ணீர் வடிந்த பிறகு, தையில் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினால் கை எட்டும். பாதிப் பள்ளம் இருக்கிறது.