கம்பி நம் தோப்பில், கரண்ட் யாருக்கு?

தமிழக எல்லைக் கோபாலபுரத்தில் அண்ணன் வீடு, கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் வீடு. கரண்ட் செலவு ஒரே அளவு. என் பில் மட்டும் ஏன் எகிறுகிறது?

அண்ணனுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதைத் தமிழக அரசு கட்டுகிறது. ஆனால் உங்களுக்குப் பெரிய அடி வேறிடத்தில் விழுகிறது. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரைதான் அடுக்கடுக்கான விலை, அதாவது ஒவ்வொரு அடுக்கு யூனிட்டுக்கும் தனி விலை. ஒரு யூனிட் தாண்டினாலும் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. இரண்டு மாத பில் என்பதால் உங்கள் எல்லைக்கோடு 500. கோடையில் 45ஆம் நாளிலேயே மீட்டரைப் பார்த்துவிடுங்கள். பில் வந்தபின் புலம்பிப் பயனில்லை.

இடுக்கி நீர்மின் நிலையம் இருக்கும்போது கேரளத்துக்கு வெளியிலிருந்து லைன் எதற்கு? அந்தச் செலவும் நம் தலையிலா?

இடுக்கி இருந்தும் கேரளத்தின் தேவையில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. கூடங்குளத்துக் கரண்ட் உடுமலைப்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. 2019இல் கேரளத்துக்குள் இடமண்–கொச்சி 400 கே.வி. (கிலோவோல்ட்) லைன் முடிந்தபின்தான் நேர்வழி கிடைத்தது. லைன் செலவைப் பொதுவில் சேர்த்து மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். ஆகவே, ஆமாம், நம் தலையிலும்தான். என்றாலும் பில்லில் பெரும்பங்கு கரண்ட் வாங்கும் விலையே.

கேரளத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் புகளூர்–திருச்சூர் லைன், அங்கே வடக்கஞ்சேரிக்கு அப்பால் மண்ணுக்கடியில் போகிறது. எங்கள் பக்கம் மட்டும் ஏன் கோபுரம்? (பொள்ளாச்சி வாசகர்)

நியாயமான கோபம். அந்த லைனில் ஓடுவது நேர்மின்சாரம் (டி.சி.). வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் (ஏ.சி.) போலன்றி, அதை நெடுந்தூரம் கேபிளில் கொண்டுபோக இயற்பியல் குறுக்கே நிற்பதில்லை. பணம்தான் நிற்கிறது, கேபிளுக்குப் பல மடங்கு செலவு. வீடுகள் நெருங்கிய கேரளப் பகுதியில் அந்தச் செலவுக்கு ஒப்புக்கொண்டார்கள். உங்கள் காட்டில் கோபுரம் நட்டார்கள். என் கணக்கில் இது பொறியியல் முடிவு அல்ல, பேரம்.

இனி வரும் லைனுக்காவது பேரத்தைச் சரியாகப் பேசுங்கள். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். மத்திய மின் அமைச்சகத்தின் 2015 நெறிமுறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024இல் அவை 200, 30 சதவீதமாயின. ஆனால் இது வழிகாட்டுதல்தான். மாநிலம் ஏற்றிருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மரங்களுக்கு இழப்பீடு தனி. ஆட்கள் அரிவாளோடு வருவதற்கு முன்பே ஒவ்வொரு தென்னையின் வயதையும் காய்ப்பையும் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். வெட்டியபின் வெறும் கட்டையைக் காட்டி எத்தனை காய் காய்த்தது என்று யாரிடம் நிரூபிப்பீர்கள்? தொகை போதாது என்றால் 1885 தந்திச் சட்டத்தின் 16(3) பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

400 கே.வி. லைனுக்கு அடியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்தால் எரிகிறதே, ஆபத்தா?

கம்பியைச் சுற்றியுள்ள மின்புலம் செய்யும் வேலை அது. அந்த மினுக்கலுக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். உயிரை வாங்குவது தேங்காய் பறிக்கும் அலுமினியத் துரட்டி. லைனுக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தவே கூடாது. இரும்பு வேலி இருந்தால் எர்த் போட்டுவிடுங்கள்.