வாடகைத் தொகையை ஒதுக்கி வையுங்கள்

கேள்வி: லண்டனில் ஈஸ்ட் ஹாமில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது வேறு பரோவுக்கு (லண்டனின் வேறோர் உள்ளாட்சிப் பகுதிக்கு) வந்திருக்கிறோம். இங்கே கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு மைதானம் இருக்கிறது. ஓட்டப் பாதையும் சின்ன ஸ்டாண்டும் உண்டு. அதைப் பொதுப் பணத்தில் புதுப்பித்து ஒரு கால்பந்து கிளப்புக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடப் போகிறார்களாம். கருத்துக் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்திருக்கிறது. என் மகள் அங்கேதான் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறாள். வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப் விஷயத்தில் எங்கள் பழைய நியூஹாம் கவுன்சில் கையைச் சுட்டுக்கொண்டதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அந்தக் கடிதத்தில் ஆண்டு வாடகை இவ்வளவு என்று ஒரு தொகை போட்டிருந்தால், முதலில் அதை ஒதுக்கி வையுங்கள். ஊரில் கல்யாண மண்டபம் பிடித்திருப்பீர்கள். மண்டப வாடகை ஒரு கணக்கு. கரண்டுக்கு மீட்டர் பார்த்துத் தனி, ஜெனரேட்டர் டீசலுக்குத் தனி, துப்புரவுக்குத் தனி, வாட்ச்மேனுக்குத் தனி. இதையெல்லாம் யார் கட்டினார்கள் என்று தெரிந்த பிறகுதான் மண்டபக்காரருக்கு மிஞ்சியது என்ன என்று சொல்ல முடியும். மைதானக் குத்தகையும் அப்படித்தான்.

நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்த கதையையே எடுத்துக்கொள்வோம். 2013இல் முடிவான ஒப்பந்தப்படி வெஸ்ட் ஹாமுக்கு லண்டன் ஸ்டேடியம் (2012 ஒலிம்பிக் மைதானம்) 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 2.5 மில்லியன் பவுண்டு, விலைவாசியோடு ஏறும். கால்பந்துக்காக மாற்றியமைக்கும் செலவில் கிளப்பின் பங்கு 15 மில்லியன். நாட்டின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கினால் வாடகை பாதி. ஊரே இந்த 2.5ஐப் பிடித்துக்கொண்டு கத்தியது, அதில் நியாயமும் இருந்தது. 2016–17 பருவத்தில் கடைசி இடத்தில் வந்த அணிக்கே லீக்கிலிருந்து 93 மில்லியன் பவுண்டு போனது.

ஆனால் ஓட்டை வாடகையில் மட்டும் இல்லை. வணிக ரகசியம் என்று பூட்டி வைத்திருந்த ஒப்பந்தம், மைதானத்தை வைத்திருந்த பொது அமைப்பு தகவல் உரிமை வழக்கில் தோற்ற பிறகு 2016 ஏப்ரலில் வெளியே வந்தது. அதைப் படித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்ட நாளில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஸ்டீவர்டுகள், பாதுகாப்பு, மின்சாரம், தண்ணீர் எல்லாம் மைதான நிர்வாகத்தின் பொறுப்பு. கோல் கம்பமும் மூலையில் நடும் கொடியும் கூட. மண்டபக்காரரே குத்துவிளக்கையும் வைத்து, எண்ணெயும் ஊற்றி, திரியும் போட்டுக் கொடுத்த மாதிரி! லண்டன் மேயர் சாதிக் கான் கேட்டு மூர் ஸ்டீபன்ஸ் நிறுவனம் தயாரித்த அறிக்கை 2017 டிசம்பரில் வந்தபோது, மைதானம் ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் பவுண்டு நஷ்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வாடகையை இரண்டு மடங்காக்கியிருந்தாலும் அந்தப் பள்ளத்தில் ஒரு மூலைதான் நிரம்பியிருக்கும். மைதானக் கூட்டாண்மையில் பங்காளியாக இருந்த நியூஹாம் கவுன்சில் 52 மில்லியன் பவுண்டைத் திரும்பாத பணம் என்று எழுதிவிட்டு வெளியேறியது. மேயர் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

ஆகவே உங்கள் முதல் கேள்வி இதுதான்: ஓர் ஆட்டம் நடந்தால் அன்றைக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதில் ஒவ்வொரு பைசாவும் யார் பொறுப்பு? கூட்டம் கூடினால் ஸ்டீவர்டுகளும் கூட வேண்டும். கூட்டத்தால் வரும் டிக்கெட் பணம் கிளப்புக்கு, அதனால் ஏறும் செலவு கவுன்சிலுக்கு என்றால், கிளப் நன்றாக ஆட ஆடக் கவுன்சிலுக்கு நஷ்டம் கூடும்.

இன்னொன்று, உங்கள் மைதானத்துக்கு நேராகப் பொருந்துவது. ஓட்டப் பாதை உள்ள மைதானத்தில் கால்பந்து ஆடினால் பார்வையாளர்கள் ஆடுகளத்திலிருந்து தள்ளி உட்கார வேண்டியிருக்கும். கிளப்புகளுக்கு அது பிடிக்காது. லண்டனில் இதற்குக் கண்ட வழி நகரும் இருக்கைகள்: கால்பந்துப் பருவத்தில் பாதையை மூடி முன்னே வரும், கோடையில் தடகளத்துக்காகப் பின்னே போகும். காகிதத்தில் அழகான யோசனை. நடைமுறையில், ஒவ்வொரு கோடையிலும் ஆள் வைத்துப் பிரித்து அடுக்க வேண்டிய வேலையாகி, ஆண்டுக்குப் பல மில்லியனை விழுங்கியது. உங்கள் கவுன்சில் இப்படி எதையாவது 'இரண்டுக்கும் பொருந்தும்' என்று காட்டினால், பொருத்தும் செலவைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். ஒருமுறை மாற்றி, திரும்ப மாற்ற என்ன ஆகும் என்று கேளுங்கள். அதையும் விற்பவர் சொன்ன கணக்காக வேண்டாம், ஏற்கெனவே செய்து பார்த்த வேறொரு மைதானத்தின் ரசீதாகக் கேளுங்கள்.

லண்டன் ஏன் இப்படி மாட்டியது? பேரத்துக்கு உட்கார்ந்த நேரம் தப்பு. 2012 ஒலிம்பிக்குக்காக 80,000 இருக்கையோடு கட்டியதை, போட்டி முடிந்ததும் 25,000 இருக்கை உள்ள தடகள மைதானமாகச் சுருக்குவதுதான் முதல் திட்டம். அப்புறம் மனம் மாறியது. கால்பந்துக்கு ஏற்றபடி கூரையிலிருந்து இருக்கை வரை மாற்ற வேண்டி வந்து, அந்த மாற்றத்துக்கு மட்டும் 323 மில்லியன் பவுண்டு ஆனது. இவ்வளவு பெரிய இடத்தை நிரப்பக்கூடிய கிளப் எத்தனை இருக்கும்? கட்டிடத்தை எழுப்பிவிட்டு ஆள் தேடும் வீட்டுக்காரர், வருகிறவர் சொல்லும் நிபந்தனைக்குத் தலையாட்டத்தான் வேண்டும்.

மான்செஸ்டர் இதைத் தலைகீழாகச் செய்தது. 2002 காமன்வெல்த் போட்டிக்கான மைதானத்தைக் கட்டத் தொடங்கும் முன்பே, பிறகு மான்செஸ்டர் சிட்டி கிளப் குடிவரும் என்று பேசி முடித்துவிட்டார்கள். அதனால் வரைபடமே இரண்டு கட்டமாகப் போடப்பட்டது. போட்டி முடிந்ததும் ஓட்டப் பாதையை எடுத்து, தரையை ஆழமாகத் தோண்டி, கீழே இன்னொரு அடுக்கு இருக்கை சேர்த்தார்கள். 38,000 இருந்தது 48,000 ஆனது. தடகளத்துக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு சின்ன மைதானம். கிளப் தன் பழைய மெயின் ரோடு மைதானத்தைக் கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட்டு 2003இல் வந்தது. வாடகைக் கணக்குதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது: கூட்டம் சுமார் 32,500ஐத் தாண்டினால், அதற்கு மேல் வரும் டிக்கெட் பணத்தில் கவுன்சிலுக்குப் பங்கு. பழைய இடத்திலேயே வந்திருக்கக்கூடிய கூட்டத்தை விட்டுவிடு, புது இடத்தால் கிடைத்த கூடுதலில் எனக்கும் கொடு என்பதுதான் அதன் பொருள். 2011இல் அது நிலையான தொகையாக மாற்றப்பட்டது. நான் கவுன்சில் பக்கம் இருந்திருந்தால் பங்கை விட்டிருக்க மாட்டேன், போகட்டும்.

கிளப் கீழே இறங்கினால் வாடகை குறையும் என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வருமானம் சரியும்போது தோள்கொடுப்பது நல்ல வீட்டுக்காரர் செய்வதுதான். ஏறும்போது பங்கு கேட்காமல் இறங்கும்போது மட்டும் தள்ளுபடி தருவதுதான் ஏமாளித்தனம். கிளப்பை விற்றால் வரும் லாபத்துக்கும் இதே நியாயம். பொதுப் பணத்தில் கட்டிய மைதானம் கைக்கு வந்தாலே கிளப்பின் விலை ஏறும். வெஸ்ட் ஹாம் ஒப்பந்தத்தில், முதல் பத்து ஆண்டுக்குள் பங்குகளை விற்றால் லாபத்தில் ஒரு பகுதி பொதுக் கருவூலத்துக்கு என்று விதி இருந்தது. 2021இல் 27 சதவீதப் பங்கு செக் நாட்டுத் தொழிலதிபர் டேனியல் கிரெட்டின்ஸ்கிக்குக் கைமாறியபோது, எவ்வளவு தரவேண்டும் என்பதில் இரு தரப்பும் வக்கீல் வைத்துச் சண்டை போட்டன. விதி மட்டும் இருந்தால் போதாது, கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தோடு ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

மராமத்துப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். 'காலத்துக்கேற்ற தரத்தில் பராமரிப்பது கவுன்சிலின் கடமை' என்பது போல ஒரு வரி தென்பட்டால் அங்கேயே நில்லுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றை இழுக்கப் பொதுக் கடன் வாங்கி மூடிய மைதானம் கட்டினார்கள், 1995இல் ராம்ஸ் அணி வந்தது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும்போது, நாட்டின் அந்த ஆட்ட மைதானங்களில் முதல் கால்வாசிக்குள் அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி கிளம்பலாம் என்று ஒரு நிபந்தனை. மற்றவர்கள் புதிதாகக் கட்டக் கட்ட, இவர்கள் ஒன்றும் செய்யாமலே கீழே போனார்கள். 2016இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது, கடன் தவணை ஊரில் இருந்தது. அணி இடம் மாறியதை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2021இல் 790 மில்லியன் டாலர் சமரசத் தொகை கிடைத்தது உண்மை. ஆனால் வழக்கை நம்பியா ஒப்பந்தம் போடுவது? சின்சினாட்டியில் இன்னும் வேடிக்கை. முப்பரிமாண ஹோலோகிராம் ரீப்ளே கருவி போன்றவை பிற மைதானங்களுக்கு வந்தால் இங்கேயும் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) வாங்கித் தர வேண்டும் என்று 1997 குத்தகையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வேலை வரும், கடைகளுக்கு வியாபாரம் வரும் என்றும் கடிதத்தில் இருக்கலாம். வெஸ்ட் ஹாமின் பழைய மைதானம் இருந்த கிரீன் ஸ்ட்ரீட்டில் ஆட்டம் முடிந்து கூட்டம் வழிந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 2016க்குப் பிறகு அந்தக் கூட்டம் லண்டன் ஸ்டேடியம் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனது. இரண்டும் ஒரே நியூஹாம்தான். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட்டது. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் போன்ற பொருளாதார அறிஞர்கள் 1990களிலிருந்தே இதைச் சொல்லி வருகிறார்கள்: மைதானத்தில் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி, இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் செலவாகியிருக்கும்.

சரி, கேட்க என்ன பிடி இருக்கிறது? இங்கிலாந்தில் 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குக் கவுன்சில் நிலத்தைக் கொடுத்தால், கிடைக்கக்கூடிய நல்ல விலையைப் பெற வேண்டும். குறைத்துக் கொடுக்க அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். ஊருக்கு நன்மை உண்டென்றால் 2 மில்லியன் பவுண்டு வரையிலான குறைவுக்கு 2003 முதல் பொது ஒப்புதல் இருக்கிறது. எனவே சுயேச்சையான மதிப்பீடு எடுத்தீர்களா, சந்தை விலைக்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வணிக ரகசியம் என்று சொன்னால் லண்டன் ஸ்டேடிய வழக்கைச் சொல்லி மேல்முறையீடு செய்யுங்கள். அதுபோக, ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள் கவுன்சில் கணக்கையும் அது தொடர்பான ஒப்பந்தங்களையும் வாக்காளர்கள் நேரில் பார்க்கலாம். அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

கடைசியாக உங்கள் மகளின் பயிற்சி. லண்டன் ஸ்டேடியத்தில் தடகளத்துக்கு ஆண்டில் எந்த வாரங்கள் என்று 50 ஆண்டு ஒப்பந்தமே இருந்தது. இருக்கையை நகர்த்தும் செலவு கசந்தபோதும் அந்தத் தேதிகளைச் சும்மா தட்டிவிட முடியவில்லை. உங்கள் ஊர் வரைவில் 'சமூகப் பயன்பாடு இயன்றவரை உறுதிசெய்யப்படும்' என்று ஒரு வரி இருந்தால், அந்த 'இயன்றவரை'யை அடித்துவிட்டு, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கட்டணம் எவ்வளவு, கிளப் ரத்து செய்தால் மாற்று நாள் எப்போது என்று நான்கு விவரத்தையும் எழுதச் சொல்லிப் பதில் அனுப்புங்கள். ஓட்டப் பயிற்சிக்கு வரும் மற்றப் பெற்றோரிடமும் சொல்லி, ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுப்பினால் நல்லது.