பூட்டை வாங்கும் முன் நிலையைப் பாருங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில் வீட்டுத்திட்ட வீடொன்றில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். போன மாதம் அயல் வீட்டுப் பின்கதவை உடைத்து நகை எடுத்துவிட்டார்கள். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய் இரவு தங்கி வர இருக்கிறோம். ஹாட்வெயார் கடையில் ஆயிரம் ரூபாவுக்குள் ஓர் ஆமைப்பூட்டும், அதைப்போல ஐந்து மடங்கு விலையில் இன்னொன்றும் காட்டினார்கள். விலை கூடியதை வாங்கினால் பயமில்லாமல் போய் வரலாமா?"

இரண்டில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே எனது முதல் பதில். குறைந்தபட்சம் இந்தக் கிழமை வேண்டாம். அயல் வீட்டில் உடைந்தது பூட்டா, பூட்டு மாட்டியிருந்த கொண்டியா, கதவின் நிலையா என்பதை முதலில் போய்ப் பாருங்கள். கதவு வேலையில் இருக்கும் நான் உடைத்த வீடுகளுக்குத் திருத்த வேலைக்காகப் போகும்போது, பெரும்பாலும் பூட்டு எந்தக் காயமும் இல்லாமல், கழன்ற கொண்டியோடு நிலத்தில் கிடப்பதையே கண்டிருக்கிறேன். கள்ளன் திறப்புக் கோர்வையோடு வருவதில்லை, அலவாங்கோடு வருகிறான். அந்த அலவாங்கும் பல வேளைகளில் அந்த வீட்டு வளவிலேயே, கிணற்றடியில் சாத்தி வைத்திருந்ததுதான். ஆகவே கோடரி, மண்வெட்டி, ஏணி, அலவாங்கு ஆகிய நான்கையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துப் பூட்டுவது, காசு செலவில்லாத முதல் பாதுகாப்பு.

பூட்டை நுட்பமாகத் திறந்துவிடுவார்களோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியின்போது, ஆல்பிரட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், யாராலும் திறக்க முடியாது என்று சவால் விடப்பட்டிருந்த பிரமா பூட்டைத் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் 51 மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. நம் ஊரில் எந்தக் கள்ளனும் அவ்வளவு பொறுமைசாலியல்லன். ஓசை கேட்டு நாய் குரைப்பதற்கும் அயலவர் விளக்கைப் போடுவதற்கும் முன் உள்ளே போய்விட வேண்டும் என்பதே அவன் கணக்கு. அந்தக் கணக்கில் சில நிமிடங்களைக் கூட்டுவதுதான் நாம் செய்யக்கூடியது.

அந்த நிமிடங்கள் நிலையில்தான் தொடங்குகின்றன. போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா கிடைத்தபோது, அத்திவாரத்துக்கும் கூரைக்கும் போக மிஞ்சியதில்தான் பலர் கதவுகளைப் போட்டார்கள். முன்வாசலுக்கு முதிரையோ பாலையோ வாங்கியவர்கள்கூடப் பின்வாசலுக்குக் கிடைத்த பலகையை அடித்துச் சமாளித்தார்கள். உங்கள் வீடும் அப்படியா என்று அறிய, கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டுக்கு அருகில் தோளால் அழுத்திப் பாருங்கள். நிலை சுவரிலிருந்து அசைந்தால், மேசனைப் பிடித்து, நிலையின் இரு பக்கமும் இரும்புப் பிடிகளை இறுக்கிச் சீமெந்து வைத்துப் பூச வேண்டும். கதவுக்கும் நிலைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், அலவாங்கின் நுனியும் அங்கே நுழையும்; நிலையோடு ஒரு மரச்சட்டத்தை அடித்து அந்த இடைவெளியை வெளிப்பக்கத்தில் மறைத்துவிடலாம்.

அடுத்தது திருகாணி. கடையில் கொண்டியோடு சேர்த்துத் தரும் அரை அங்குல ஆணிகள் பலகையின் தோலை மட்டுமே பிடிக்கும். ஒரு நெம்பில் அத்தனையும் வந்துவிடும். கொண்டியை வெளியே உருண்டைத் தலையுள்ள போல்ட்டால் பொருத்தி, கதவை ஊடுருவ விட்டு, உட்பக்கத்தில் தட்டையான வாஷரும் நட்டும் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கொண்டியை மடித்துப் பூட்டும்போது ஆணித் தலைகள் எல்லாம் அதன் கீழ் மறைய வேண்டும். மறையாவிட்டால் ஒரு திருகுளியே போதும். நிலையில் இருக்கும் கண்ணையும் பிணைச்சல்களையும் 3 அங்குலத் திருகாணியால் மாற்றிப் பொருத்துங்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் பிணைச்சலின் அச்சு வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்ற முடியாதபடி வெல்டிங் கடையில் ஒரு பொட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் முடிந்த பின் பூட்டுக்கு வருவோம். ஆமைப்பூட்டில் 40, 50, 60 என்று குறிப்பது அதன் உடலின் அகலம், மில்லிமீற்றரில். பலத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை. பார்க்க வேண்டியது வளையம். அதன் தடிப்பு 10 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருப்பதும், பூட்டிய பின் அலவாங்கு நுழைய இடமில்லாதபடி வளையம் குட்டையாக இருப்பதும், அது பதமிட்ட உருக்காக இருப்பதும் முக்கியம். கடைக்காரர் சம்மதித்தால் ஒரு சிறிய அரத்தை வளையத்தின் மறைவான இடத்தில் உரசிப் பாருங்கள்: அரம் வழுக்கிக்கொண்டு போனால் பதமிட்டது, கடித்துப் பிடித்தால் வெறும் இரும்பு, இரும்பு வாளுக்குச் சில நிமிட வேலை. பித்தளை என்று விற்கும் பூட்டின் உடலில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. முல்லைத்தீவுப் பக்கம், கடற்காற்று படும் இடங்களில், அத்தகைய பூட்டு நெடுநாள் நிற்காது. ஐரோப்பியத் தரக்குறி உள்ள பூட்டுகளின் பெட்டியில் 1 முதல் 6 வரை ஒரு தர எண் இருக்கும். 6 உயர்ந்தது, வீட்டுக்கு 3 அல்லது 4 போதும். ஆக, விலை கூடிய பூட்டு இந்தச் சோதனைகளில் தேறினால் வாங்குங்கள். விலை கூடியது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

ஆனால் முன்வாசலில் ஆமைப்பூட்டே வேண்டாம் என்பேன். வெளியே தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று ஒழுங்கையில் போகிறவர்கள் அனைவருக்கும் அறிவிக்கிறது. கதவுக்குள் பதிக்கும் உட்பூட்டில் அந்தக் குறை இல்லை. ஐந்து லீவர் (திறப்பு தூக்கி விடும் உள்தகடுகள்) உள்ளதாகவும், திறப்பைத் திருப்பியதும் அதன் நாக்கு குறைந்தது 20 மில்லிமீற்றர் நிலைக்குள் போவதாகவும் பார்த்து வாங்குங்கள். பிரித்தானியத் தரநிர்ணயம் கேட்பதும் அந்த 20 மில்லிமீற்றரைத்தான். கதவின் தடிப்பை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். மெல்லிய கதவில் உட்பூட்டுக்காகக் குழி தோண்டினால் மிஞ்சும் மரம் ஓர் உதைக்கும் நில்லாது. அப்படியானால் கதவின் உட்புறத்தில் மேலாகப் பொருத்தும் பூட்டே ஏற்றது. மாரியில் மரம் ஊதும் என்பதையும் தச்சருக்கு நினைவூட்டுங்கள். பங்குனியில் அளவாகப் பொருத்திய நாக்கு கார்த்திகை மழையில் துளைக்குள் போகாமல் நிற்க, வீட்டார் சலித்துப்போய்ப் பூட்டாமலே விட்ட வீடுகளை அறிவேன்.

பின்கதவுக்குப் பூட்டே தேவையில்லை. கதவின் குறுக்கே ஒரு தடித்த முதிரைச் சட்டத்தை, சுவரில் பதித்த இரண்டு இரும்புத் தாங்கிகளில் உட்புறமாகப் போட்டுவிட்டு, முன்வாசலால் வெளியேறுங்கள். உங்கள் மாமியாரைக் கேட்டால், அந்த நாளில் உலக்கையைக் கொடுத்துக் கதவை அடைத்த கதையைச் சொல்வார்; சங்கதி அதுவேதான். யன்னல் கம்பிகள் மரச்சட்டத்தில் ஆணியால் அடித்தவையா, ஊடுருவிப் போட்டவையா என்று ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். ஓட்டுக்கூரைக்கு எந்தப் பூட்டும் பதில் சொல்லாது. ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனுக்குக் கிடைக்க வீட்டில் எதுவும் இல்லாமல் செய்வதே வழி. பொங்கலுக்கு அணிந்து போகாத நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

இரவில் உட்பக்கம் கிறில் கதவைப் பூட்டிப் படுப்பவர்கள், அதன் திறப்பை எல்லோரும் அறிந்த ஓர் இடத்தில், யன்னலால் கையை விட்டு எட்ட முடியாத தூரத்தில் மாட்டி வைக்க வேண்டும். இருட்டில் தீப்பிடித்தால் திறப்பைத் தேட நேரமிராது. நிலையின் மேல், பூச்சாடியின் கீழ், செருப்புக்குள் என்று வெளியே ஒளித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த இடங்கள் ஊருக்கே தெரியும். மாற்றுத் திறப்பை நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்து, இரவில் ஒரு முறை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லலாம். செம்மண் தூசி பிடித்துப் பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது தூசியைக் களியாக்கும். பென்சில் கரியைத் தூளாக்கித் திறப்பில் தடவி, சில முறை போட்டு எடுங்கள். திரும்பி வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாமல், எதையும் தொடாமல், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழையுங்கள்.

தச்சரை இப்போதே பேசி வையுங்கள். பொங்கலுக்கு முதற்கிழமை ஊரில் பாதிப்பேருக்கு அவர்தான் வேண்டும்.